ஷ்பெட்ஸ்லேக்குப் பதம் பார்ப்பது எப்படி

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் வட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும், தட்டில் ஷ்பெட்ஸ்லே இருக்கும் என்று தைரியமாகப் பந்தயம் கட்டலாம். கோதுமை மாவையும் முட்டையையும் தளர்வாக அடித்து, கொதிக்கிற தண்ணீரில் நேராக விழவிட்டு வேகவைக்கும் குட்டை நூடுல்ஸ் இது. பிசைந்து, தேய்த்து, வெட்டி, காயவைக்கிற வேலை எதுவும் கிடையாது. மாவு அடிக்கப் பத்து நிமிஷம், ஊற அரை மணி, வேக இரண்டு நிமிஷம். இவ்வளவு எளிய பண்டத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்கள் ஏன் இப்படி மணிக்கணக்கில் பேசுகிறார்கள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. எஸ்லிங்கனில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுக்காரம்மா இருந்தார். அவர் அடுப்பு முன்னால் நின்று பலகையில் மாவு சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அளவை யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடலாம், பதம் கைக்கு வந்தால்தான் உண்டு.

சொந்த ஊர் எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தின் கிழக்குப் பகுதியும், அதை ஒட்டிய பவேரியாவின் தென்மேற்கு ஓரமும் சேர்ந்ததுதான் ஷ்வாபென் வட்டாரம். அங்கே இது அன்றாடச் சாப்பாடு. பிரான்ஸின் ஆல்ஸாஸ், சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா என்று அக்கம்பக்கத்திலும் செய்வார்கள். ஹங்கேரியில் இதன் உறவுக்காரப் பண்டத்துக்கு நொகெட்லி என்று பெயர். ஆனாலும் ‘ஷ்வேபிஷ ஷ்பெட்ஸ்லே’, அதாவது ஷ்வாபென் ஷ்பெட்ஸ்லே என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டது. அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் இந்த வட்டாரத்தில் செய்திருக்க வேண்டும். வீட்டில் செய்து சாப்பிட யாருடைய அனுமதியும் தேவையில்லை, அது வேறு விஷயம்.

மாவிலிருந்து தொடங்கலாம். ஜெர்மன் கடைகளில் மாவுப் பொட்டலத்தில் 405, 550, 1050 என்று எண் போட்டிருக்கும். 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சும் என்பதுதான் ஏறத்தாழ அந்த எண். உமியும் தவிடும் எவ்வளவு குறைவோ, எண்ணும் அவ்வளவு சிறியது. ஷ்பெட்ஸ்லேக்கு 405 போதும். ‘ஷ்பெட்ஸ்லே மாவு’ என்றே தனியாகவும் விற்கிறார்கள். அது கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்தது. விரலில் தேய்த்தால் பவுடராக வழுக்காமல் நறநறவென்று தெரியும். கட்டி தட்டாது, வெந்த பிறகு கடிக்கப் பதமாக நிற்கும். அது கிடைக்காவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. சாதா மாவில் நாலில் ஒரு பங்கை எடுத்துவிட்டு நைஸ் ரவை சேர்த்தால் கிட்டத்தட்ட அதே குணம் வந்துவிடும். ஊருக்குப் போகும்போது நான் மைதாவில் இப்படித்தான் செய்கிறேன். ரவை கலந்தால் ஊறும் நேரத்தை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

ஷ்வேபிஷ ஆல்ப் மலைப்பக்கம் போனால் டிங்கல் என்ற பழைய கோதுமை வகையில் செய்வார்கள். முட்டை கிடைப்பது அரிதாக இருந்த காலத்தில் ஏழை வீடுகளுக்குக் கைகொடுத்தது இந்த மாவு என்கிறார்கள். அதில் பசைப் புரதம் கூடுதலாக இருப்பதால் முட்டையைக் குறைத்தாலும் மாவு சேர்ந்து நிற்கும். வாசனையும் தனி, கொட்டைப் பருப்பின் சாயல் இருக்கும். ஆனால் அதன் பசை மென்மையானது. சாதாக் கோதுமையை அடிக்கிற மாதிரி வெகுநேரம் போட்டு அடித்தால் இளகிப்போகும்.

அளவு இதுதான்: 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. நாலு பேர் வயிறாரச் சாப்பிட 500 கிராம் மாவு, 5 முட்டை, ஒரு தேக்கரண்டி உப்பு, 150 முதல் 200 மில்லி தண்ணீர். இங்கே முட்டை என்றால் எம் அளவு, அதாவது ஓட்டோடு 53-லிருந்து 63 கிராம். நம் ஊர்க் கடை முட்டை பெரும்பாலும் இதைவிடச் சின்னதாக இருக்கும். அதனால் ஆறு போடுங்கள், தண்ணீரை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் முட்டை ஓட்டில் சிவப்பு மையில் ஒரு வரிசை எண் அச்சடித்திருப்பார்கள். முதல் எண் கோழி வளர்ந்த விதத்தைச் சொல்லும். 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியில் மேய்ந்த கோழி, 2 கொட்டகைக்குள் வளர்ந்தது, 3 கூண்டுக் கோழி. பிறகு நாட்டின் எழுத்து, அதற்கு அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். பாடன்-வுர்ட்டம்பெர்க்குக்கு 08. வீட்டுக்காரம்மா கடையில் அட்டையைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை இறக்கி, அந்த 08-ஐப் பார்த்த பிறகுதான் கூடையில் வைப்பார். பவேரியாவின் 09 வந்திருந்தால் உதட்டைப் பிதுக்குவார்.

மஞ்சள் நிறம் முட்டைக் கருவிலிருந்து வர வேண்டும். நிறத்துக்காக ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மாவு அடிப்பது. மொத்தச் சமையலும் இந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். அகலமான கிண்ணத்தில் மாவையும் உப்பையும் போட்டு, நடுவில் குழி பண்ணி, முட்டைகளை உடைத்து ஊற்றுங்கள். தண்ணீரில் 125 மில்லி மட்டும் முதலில் சேருங்கள். மிச்சத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தண்ணீர் கடைசியில் முடிவாகிற விஷயம். மாவின் ஈரப்பதம், முட்டையின் பருமன் இரண்டும் நாளுக்கு நாள் மாறும். மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே கொட்டிவிட்டால், பிறகு மாவு தூவிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அப்போது கட்டி தட்டும்.

அடிக்க இங்கே நடுவில் ஓட்டை போட்ட மரக்கரண்டி வைத்திருக்கிறார்கள். ஓட்டை வழியாக மாவு புகுந்து போவதால் கை அவ்வளவாக வலிக்காது, கட்டியும் உடையும். சாதா மரக்கரண்டியும் போதும். வட்டமாகச் சுற்றிக் கலக்கினால் பலன் இல்லை. கிண்ணத்தை இடக்கையால் உங்கள் பக்கம் சாய்த்துப் பிடித்து, கரண்டியை அடிவரை விட்டு, மாவை இழுத்து மேலே தூக்கி மறுபடி அறைய வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் காற்று உள்ளே போகும், கோதுமைப் பசையும் நீண்டு வலுப்படும். முதல் இரண்டு மூன்று நிமிஷம் மாவு சொரசொரப்பாக, பிய்ந்து பிய்ந்து வரும். அப்புறம் பளபளப்பு ஏறும். கடைசியில் பரப்பில் குமிழிகள் வந்து, கரண்டியைத் தூக்கும்போது பட்டென்று வெடிக்கும். அந்தக் குமிழிதான் இந்த ஊர்ப் பெண்கள் பரம்பரையாகப் பார்க்கிற அடையாளம். நான் களைத்துப்போய்க் கரண்டியைக் கீழே வைத்தால் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, “உங்க மாவு இன்னும் தூங்கிக்கிட்டு இருக்கு, அடிங்க” என்பார்.

பதம் பார்க்க அவர் சொன்ன வழி எளிது. கரண்டி நிறைய மாவை எடுத்து ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். மாவு உடனே ஒழுகி ஓடினால் தண்ணீர் அதிகம், கொதிநீரில் கரைந்து கூழாகும். அசையாமல் கரண்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றால் கெட்டி, வெந்தபின் ரப்பராக இழுக்கும். சரியான மாவு ஒரு கணம் யோசித்துவிட்டு, கனமாக, நாடா போல நீண்டு இறங்கி, கடைசியில் அறுந்து விழும். பலகையில் சீவுவதாக இருந்தால் இன்னும் அரைக்கரண்டி தண்ணீர் சேர்த்துத் தளர்த்தலாம். அழுத்தி என்ற பிழியும் கருவியில் பிழிவதென்றால் கொஞ்சம் கெட்டியாகவே விடலாம்.

சிலர் தண்ணீருக்குப் பதில் சோடா ஊற்றச் சொல்கிறார்கள், உப்பிவரும் என்று. பத்து நிமிஷம் அடிக்கிற அடியில் அந்தக் குமிழிகள் எங்கே தங்கும்? எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பால் சேர்த்தால் மென்மையாகும் என்பது உண்மை. குழந்தைகளுக்கு அப்படிச் செய்யலாம், ஆனால் குழம்பு ஊற்றிச் சாப்பிடும்போது அந்த மென்மை தொளதொளப்பாகிவிடுகிறது. கையால் அடிக்க முடியாதவர்கள் மின்சார மிக்சரில் மாவு பிசையும் கொக்கியை மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டலாம். மெல்லிய கம்பித் துடைப்பத்தைப் போட்டால் மோட்டார் திணறும்.

அடித்து முடித்ததும் ஈரத்துணி போட்டு மூடி அரை மணி வையுங்கள். மாவு தண்ணீரை முழுதாக உறிஞ்சும், பசையின் இறுக்கமும் தளரும். ஊறிய பிறகு மாவு கொஞ்சம் கெட்டிப்பட்டிருக்கும். அதனால் பதத்தை மறுபடியும் பார்த்து, வேண்டுமானால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு ஒரு சுற்று அடித்துக்கொள்ளுங்கள்.

ஆக அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு லிட்டருக்கு 10 கிராம் கணக்கில் உப்புப் போடுங்கள். தண்ணீர் தளதளவென்று துள்ளக்கூடாது. மெல்லக் கொதிக்க வேண்டும். துள்ளினால் மாவுத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சிதையும்.

பலகை முறைதான் பழையது. அந்தப் பலகை கைப்பிடி வைத்தது, நுனி மட்டும் சரிவாகச் சீவப்பட்டு மெலிந்திருக்கும். கூடவே நேரான விளிம்புள்ள உலோகச் சீவி. பலகையைக் கொதிநீரில் ஒரு முறை நனைத்து எடுக்க வேண்டும், காய்ந்த பலகையில் மாவு ஒட்டிக்கொள்ளும். ஒரு கை மாவை வைத்து, நனைத்த சீவியால் நுனிவரை மெல்லியதாகத் தடவிவிட வேண்டும். பிறகு பலகையின் நுனி பாத்திர விளிம்பில் படும்படி சாய்த்து, நுனியிலிருந்து மாவை மெல்லிய கீற்றாக அறுத்து, அதே அசைவில் தண்ணீருக்குள் தள்ள வேண்டும். அறு, தள்ளு, அறு, தள்ளு. வீட்டுக்காரம்மா செய்யும்போது சீவி பலகையில் படும் சத்தம் தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் வரும். தோளை அசைக்கவே மாட்டார், மணிக்கட்டு மட்டும்தான். ஒவ்வொரு நாலைந்து கீற்றுக்கும் பலகை நுனியையும் சீவியையும் தண்ணீரில் தொட்டு எடுப்பார். அந்தத் தொடுதல் இல்லாவிட்டால் மாவு சீவியில் சுருண்டு உருண்டையாகிவிடும். இப்படி விழும் துண்டுகள் ஒன்று மெலிந்தும் ஒன்று பருத்தும், ஓரம் கிழிந்தும் இருக்கும். அந்த ஒழுங்கின்மையில்தான் ருசி. கிழிந்த ஓரங்களில் குழம்பு பிடித்து நிற்கும்.

பலகை கைக்கு வர நாளாகும். அதுவரை அழுத்தி இருக்கிறது. இரண்டு நீளக் கைப்பிடி, நடுவில் ஓட்டைத் தட்டு உள்ள குழி. மாவை நிரப்பி அழுத்தினால் நீள நூலாக இறங்கும். இன்னொன்று துருவி வடிவிலான கருவி. பாத்திரத்தின் மேல் கிடத்தி, மேலே உள்ள சின்னப் பெட்டியில் மாவை ஊற்றி முன்னும் பின்னும் தள்ளினால், சொட்டுச் சொட்டாகக் குட்டை உருண்டைகள் விழும். அந்த வடிவத்தை க்னெப்ஃப்லே என்கிறார்கள். அழுத்தியில் செய்தால் கைச்சீவல் ஆகாது என்று முகம் சுளிக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். வாரநாளில் வேலை முடிந்து வந்து பசியோடு நிற்கும்போது இந்த வாதம் எனக்கு எடுபடுவதில்லை.

இவை எதுவும் இல்லாத நம் சமையலறையில் பூந்திக் கரண்டி நன்றாகவே வேலை செய்கிறது. பாத்திரத்துக்கு மேல் பிடித்து, மாவை ஊற்றி, ஒரு ரப்பர் கரண்டியாலோ தோசைத்திருப்பியாலோ தேய்த்துத் தள்ளினால் க்னெப்ஃப்லே ரெடி. பூந்திக் கரண்டியைத் தண்ணீருக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள். ஆவி பட்டால் ஓட்டைக்குள்ளேயே மாவு வெந்து அடைத்துக்கொள்ளும். முறுக்கு உழக்கில் தேன்குழல் அச்சு போட்டுப் பிழிந்தும் பார்த்திருக்கிறேன், அழுத்தியில் வருவது போலவே வருகிறது. மாவு முறுக்கு மாவைவிட ரொம்பத் தளர்வு, அழுத்துவதற்கு முன்பே ஒழுகத் தொடங்கும். அதனால் பாதி மட்டும் நிரப்பி, பாத்திரத்துக்கு மேலே வைத்துக்கொண்டே ஊற்றுங்கள்.

விழுந்த மாவு முதலில் அடியில் போய், ஒரு நிமிஷத்துக்குள் மிதந்து மேலே வரும். மிதந்ததும் அரை நிமிஷம் விட்டு ஜல்லிக்கரண்டியால் அள்ளிவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பலகை மாவு மட்டும். மொத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டால் முதலில் விழுந்தது குழைந்து, கடைசியில் விழுந்தது வேகாமல் கிடக்கும். உடனே பரிமாறுவதென்றால் சூடான கிண்ணத்தில் வெண்ணெய்த் துண்டோடு போட்டுக் குலுக்கினால் போதும். விருந்தாளிகள் வர நேரமிருந்தால், அள்ளியதை நேராகக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வடித்து வையுங்கள். அப்போது வேகுவது நின்றுவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. பிறகு வாணலியில் வெண்ணெய் விட்டுச் சூடுபடுத்திக்கொள்ளலாம்.

கழுவும்போது மட்டும் வெந்நீர் கூடவே கூடாது. முட்டை மாவு வெந்நீர் பட்டால் பாத்திரத்தோடு வெந்து சிமெண்டாகிவிடும். பலகையோ அழுத்தியோ கடைசி மாவு விழுந்த அடுத்த நொடி குளிர்ந்த தண்ணீரில் மூழ்கட்டும். சாப்பிட்டுவிட்டு வந்து தேய்த்தால் தானாக உரிந்து வரும்.

எதோடு சாப்பிடுவது? இதுவே உப்புச் சப்பில்லாத மாவுப் பண்டம், குழம்பு தாராளமாக வேண்டும். வறுத்த மாட்டிறைச்சி, பன்றி ரோஸ்ட் என்று எதைச் சமைத்தாலும் அதன் சாற்றை ஷ்பெட்ஸ்லே மேல் குளம் கட்டுகிற அளவுக்கு ஊற்றுவார்கள். கூடவே எலும்புச் சாறு ஊற்றிக் கலந்த உருளைக்கிழங்கு சாலடும் அதே தட்டில் இருக்கும். இரண்டுமே மாவுச்சத்துதானே என்று கேட்டால் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நம் வீட்டுக் கெட்டியான ஆட்டுக்கறிக் குழம்பு இதற்கு அருமையாகப் பொருந்துகிறது. நீர்த்த குழம்பு பொருந்தாது, அடியில் தேங்கிவிடும்.

சைவக்காரர்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, பயறோடு. ஷ்வாபென்காரர்களின் ஊர்ச்சாப்பாடு என்றாலே பயறும் ஷ்பெட்ஸ்லேயும், பக்கத்தில் ஸைட்டன்வுர்ஸ்ட்லே என்ற மெல்லிய தொத்திறைச்சியும்தான். தொத்திறைச்சியை விட்டுவிட்டாலும் ருசி குறையாது. கேரட், லீக் என்ற தடித்த வெங்காயத்தாள் வகை, செலரிக் கிழங்கு நறுக்கி வதக்கி, பயறு போட்டு வேகவைத்து, வெண்ணெயில் சிவக்க வறுத்த மாவால் கெட்டியாக்கி, கடைசியில் வினிகர் விட வேண்டும். வினிகர் பாட்டில் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடும், அவரவர் புளிப்புக்கு ஏற்ப ஊற்றிக்கொள்வார்கள். நம் கடைகளில் தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பு கிடைக்கிறதே, இது அதே பயிர்தான். தைரியமாகப் போடலாம்.

இந்தப் பயறுக்கு ஒரு கதை உண்டு. ஆல்ப் மலையின் கல்லாங்காட்டு மண்ணில் காலங்காலமாக விளைந்த பயறு, கட்டுப்படியாகாமல் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வழக்கொழிந்து போனது. லவுட்டராக் என்ற சிற்றூரில் வொல்டமார் மாமெல் என்ற விவசாயி 1980-களில் மறுபடி பயறு விதைக்கத் தொடங்கினார். ஆனால் பழைய ஊர் ரகங்கள் எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் 2006-ல் ரஷ்யாவில், சென்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாவிலோவ் விதை வங்கியில் அவை பத்திரமாக இருப்பது தெரியவந்தது. அங்கிருந்து கொஞ்சம் விதை வாங்கி வந்து பெருக்கினார்கள். பயறுக்கொடி தானாக நிமிர்ந்து நிற்காது என்பதால் பார்லி, ஓட்ஸ் போன்றவற்றோடு கலந்து விதைக்கிறார்கள், அறுத்த பிறகு பிரித்தெடுக்கிறார்கள். இவ்வளவு வேலை இருப்பதால் விலையும் அதிகம். விருந்துக்கு மட்டும் நான் அதை வாங்குவேன், மற்ற நாளில் சாதாப் பயறு.

இன்னொன்று சீஸ் போட்டது, கேஸெ-ஷ்பெட்ஸ்லே. தெற்கே அல்கொய் மலையடிவாரத்தில் இதற்குத்தான் மவுசு. 500 கிராம் மாவில் செய்ததற்கு 300 கிராம் சீஸ் தேவைப்படும். காரமாக முற்றிய மலைச் சீஸ் பாதி, இழுபடும் எமென்டால் பாதி. துருவிய பாக்கெட் சீஸில் ஒட்டாமல் இருக்க ஸ்டார்ச் தூவியிருப்பார்கள், அது சரியாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவிக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் அலசுகிற வேலை இங்கே வேண்டாம். வெந்ததைச் சொட்டச் சொட்ட அள்ளிச் சூடான பாத்திரத்தில் ஒரு அடுக்கு, மேலே சீஸ், மறுபடி ஒரு அடுக்கு என்று போட்டுக்கொண்டே போனால், சூட்டிலும் அந்தக் கொஞ்சத் தண்ணீரிலும் சீஸ் தானாகவே இளகிப் பிடிக்கும். மேலே வெங்காயம். அதை அவசரப்படாமல் சின்னத் தீயில் வெண்ணெயில் அரை மணி வதக்கி, ஆழ்ந்த பழுப்புக்குக் கொண்டுவர வேண்டும். மிளகு தாராளமாக. பக்கத்தில் வினிகர் விட்ட பச்சை இலை சாலட் கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பாதித் தட்டிலேயே திகட்டிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவின் ஃபோராள்பெர்க்கில் ஆப்பிள் கூழ் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, என் மகளுக்கு அதுதான் வேண்டும்.

மிஞ்சியது ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். அலசி வடித்து, தட்டில் பரப்பி உறையவைத்துப் பையில் போட்டால் சில வாரங்கள் வைத்திருக்கலாம். உறைந்ததை இளகவிடாமல் அப்படியே கொதிநீரில் போட்டு எடுத்துவிடலாம். மறுநாள் காலைக்கு, வாணலியில் வெண்ணெய் விட்டு, ஷ்பெட்ஸ்லேயைப் பரப்பிக் கிளறாமல் அடி முறுகவிட்டு, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிப் பிரட்டி, வெங்காயத்தாள் தூவி இறக்குவார்கள். நான் கூடவே இரண்டு பச்சை மிளகாயும் நறுக்கிப் போடுகிறேன். வீட்டுக்காரம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “மோசமில்லை” என்றார். இந்த வட்டாரத்தில் அதற்கு மேல் யாரும் பாராட்ட மாட்டார்கள்.